எண்ணெய் மாறிய வண்டி: அறுகம்பே வழியில் கண்ட ஒரு பாடம்

கல்முனையிலிருந்து பொத்துவில் வரை செல்லும் நெடுஞ்சாலையில் ஒரு முறையேனும் பயணம் செய்யாதவர், இலங்கையின் கீழ்க்கரையை முழுமையாகக் கண்டவர் ஆகார். கொழும்பிலே புறப்பட்டு, இரத்தினபுரி, வெல்லவாய, மொனராகலை, சியம்பலாண்டுவை ஆகிய ஊர்களைக் கடந்து, பொத்துவிலில் கடலைக் கண்டு, அங்கிருந்து வடக்கே திரும்பி மட்டக்களப்பில் முடிவடையும் ஏ-4 பெருஞ்சாலையின் கடைக்கூறே இது. அக்கடைக்கூற்றைக் கல்முனையில் தொடங்கித் தெற்கு நோக்கிக் கடப்பதே நம் பயணமாய் இருந்தது.

சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. ஓர் ஊர் முடிந்து மற்றோர் ஊர் தொடங்கும் எல்லையைப் பெயர்ப்பலகையைக் கொண்டே அறியவேண்டியிருக்கிறது. பள்ளிவாசலின் பாங்கோசை ஓய்ந்து சிறிது தூரம் செல்லுமுன் கோயில் மணியோசை கேட்கிறது. காரைதீவு, 1892ஆம் ஆண்டில் சுவாமி விபுலாநந்தர் பிறந்த ஊர். ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் அமைந்திருக்கிறது. அக்கரைப்பற்றுக்கு அப்பால் தம்பிலுவிலும் திருக்கோவிலும் கழிந்ததும் ஊர்களின் நெருக்கம் குறைகின்றது. கோமாரியைத் தாண்டினால் பற்றைக்காடும் களப்பும் மணல்மேடும் மாறிமாறித் துணை வருகின்றன. அக்கரைப்பற்றிலிருந்து பொத்துவில் சுமார் 45 கிலோமீற்றர் தூரம்.

பொத்துவிலின் தெற்கே மூன்று கிலோமீற்றர் அளவில் இருப்பதே அறுகம்பே. அறுகங்குடா என்பதும் அதன் பெயர்தான். அறுகம்புல் மிகுந்த குடா என்று அப்பெயருக்குப் பொருள் கூறுவர். ஊரவர்களோ 'உல்லை' என்றே வழங்குகின்றனர். களப்பின் மேலே நீண்டு கிடக்கும் பாலத்தைக் கடந்துதான் உல்லைக்குச் செல்லவேண்டும். 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை பழைய பாலத்தைச் சிதைத்துவிட்டது. இப்பொழுது இருப்பது அதன் பின்னர் கட்டப்பட்டு 2008ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட புதிய பாலம். பாலத்தின் நடுவே நின்று மேற்கே பார்த்தால் அசைவற்ற களப்பு. கிழக்கே பார்த்தால் ஓயாது புரளும் கடல்.

வைகாசி தொடங்கி ஐப்பசி வரையுள்ள மாதங்களில் இக்குடாவின் முனையிலே அலைகள் ஒழுங்காக எழுந்து நெடுந்தூரம் சுருண்டு வருகின்றன. அவற்றின் மேல் பலகையிலே சறுக்கி விளையாடுவதற்காக உலகின் பல திக்குகளிலிருந்தும் உல்லாசப் பயணிகள் வந்து கூடுகின்றனர். அவர்களுள் பலர் மோட்டார் சைக்கிளோ ஸ்கூட்டரோ வாடகைக்கு எடுத்து, பலகையைப் பக்கத்திலே கட்டிக்கொண்டு, பாணமை வரையும், அதற்கு அப்பால் உகந்தை முருகன் கோயில் வரையும் சென்று திரும்புகின்றனர். ஊரவர்க்கும் மோட்டார் சைக்கிளே குதிரை. மீன் கூடை ஏற்றுவதும் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் சேர்ப்பதும் வயலுக்குப் பசளை கொண்டுசெல்வதும் அதிலேதான்.

இத்தகைய வழியிலே, அறுகம்பேப் பாலத்தின் அருகே, மோட்டார் சைக்கிளுக்கு எண்ணெய் மாற்றி ஊற்றப்பட்டதால் நேர்ந்த ஓர் இக்கட்டையும், அது தீர்ந்த விதத்தையும் அண்மையில் காண நேர்ந்தது. அது சிறு நிகழ்ச்சியே. ஆயினும், வீட்டில் வாகனமும் எண்ணெய்க் கானும் வைத்திருக்கும் எவருக்கும் பயன்படக்கூடியது ஆதலின், வாசகர்களுக்கு விரிவாகச் சொல்லத் துணிந்தோம்.

ஒரு விறாந்தையில் மூன்று எண்ணெய்

இக்கரையின் வாழ்க்கையை ஓரளவு அறிந்தவர்க்கே இந்தத் தவறு எவ்வளவு எளிதில் நேரக்கூடியது என்பது விளங்கும். 1949ஆம் ஆண்டில் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் நீர் பாயும் வயல்கள் இம்மாவட்டத்தின் செல்வம். உழவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் டீசலில் ஓடுகின்றன. கடற்றொழிலாளரின் படகுகளில் பூட்டப்படும் வெளியிணைப்பு இயந்திரங்களிற் பல மண்ணெண்ணெயில் ஓடுகின்றன. மோட்டார் சைக்கிளுக்கு வேண்டியது பெற்றோல். வயலும் தோணியும் வாகனமும் உள்ள ஒரு குடும்பத்தில், விறாந்தையின் ஒரே மூலையில், ஒரே நிறமுள்ள மூன்று பிளாஸ்டிக் கான்கள் வரிசையாக நிற்பது புதுமையன்று. எந்தக் கானில் எது உள்ளது என்பது வீட்டுத் தலைவருக்கு மட்டும் தெரியும். அவர் வயலுக்குச் சென்றிருக்கும் வேளையில் பிள்ளை கானைத் தூக்கினால் என்ன ஆகும்?

நாம் கண்ட இளைஞருக்கு நேர்ந்ததும் அதுவே. அக்கரைப்பற்றுப் பக்கத்து மாணவர்கள் இருவர், பொத்துவிலில் உள்ள மாமா வீட்டில் இரவு தங்கி, காலையில் அறுகம்பே பார்க்கப் புறப்பட்டிருக்கின்றனர். தாங்கியில் பெற்றோல் குறைந்திருப்பதைக் கண்டு, விடியுமுன் இருளிலே, விறாந்தையில் இருந்த ஒரு கானிலிருந்து இரண்டு லீற்றர் ஊற்றிக்கொண்டனர். வண்டி வழக்கம்போலக் கிளம்பியது. குழாயிலும் காபரேட்டர்க் கிண்ணத்திலும் எஞ்சியிருந்த நல்ல பெற்றோல் தீரும் வரை அது ஓடத்தானே செய்யும்? பாலத்தை அணுகியபோது இழுவை குறைந்து, வெண்புகை கக்கி, இரண்டு முறை இருமி, நின்றுவிட்டது.

நாம் அவ்விடம் சேர்ந்தபோது ஓர் இளைஞர் வியர்வை வழிய உதைத்துக்கொண்டிருந்தார். மற்றவர் வண்டியைத் தள்ளிப் பார்த்தார். உதைக்க உதைக்கப் புகைதான் வந்தது. அவ்வழியே சென்ற முச்சக்கர வண்டி ஒன்று நின்றது. அதிலிருந்து இறங்கியவர், பொத்துவில் பக்கத்தில் நெடுங்காலமாக மோட்டார் சைக்கிள் திருத்தும் ஒரு முதியவர்.

"என்ன தம்பி, என்ன நடந்த?" என்றார் அவர்.

"பிளக்கு பழுது போல காக்கா," என்றார் இளைஞர்.

முதியவர் ஒன்றும் பேசாமல் புகைக்குழாயின் வாயில் விரலை வைத்துத் தேய்த்து முகர்ந்து பார்த்தார். பிறகு தாங்கி மூடியைத் திறந்தார்.

"என்ன எண்ண ஊத்தினீங்க?"

இளைஞர் தோழரைப் பார்த்தார். மாமாவின் வண்டி, மாமாவின் கான், செய்தி வீட்டுக்குப் போனால் என்ன சொல்வார்களோ என்ற அச்சம் முகத்தில் எழுதியிருந்தது. முதியவர் குரலை உயர்த்தவில்லை. "நீங்க சொன்னா ஒரு மணித்தியால வேல. சொல்லாட்டி நான் பிளக்கக் கழுவித் தருவன், அடுத்த கட்டையில திரும்பவும் நிக்கும். எஞ்சினும் பழுதாகும். அவ்வளவுதான்," என்றார்.

அப்பொழுதுதான் இளைஞர் கானைப் பற்றிய உண்மையைச் சொன்னார். கானில் இருந்தது உழவு இயந்திரத்துக்கு வைத்திருந்த டீசல்.

தீர்த்த விதம்

முதியவர் செய்ததை ஒழுங்காகக் கூறுகிறோம். மாணவர்கள் மனத்திற் கொள்ளத்தக்கது.

முதலில் சாவியை நிறுத்தி, தாங்கியின் கீழுள்ள பெற்றோல் திருகை மூடினார். வண்டியைச் சாலையின் ஓரத்திலிருந்து மரநிழலுக்குத் தள்ளச் சொன்னார். பக்கத்தில் சிகரெட்டுடன் நின்ற ஒருவரை அப்பால் அனுப்பினார். சூடேறியிருந்த எஞ்சின் ஆறும்வரை ஒன்றையும் தொடவில்லை. பெற்றோல் ஆவி கண்ணுக்குத் தெரியாமல் நிலத்தோடு தவழ்ந்து சென்று எட்டியிருக்கும் தீயையும் தொட்டுவிடக்கூடியது. ஆதலால் இந்தக் காத்திருப்பு வீண் அன்று.

அடுத்து, தாங்கியிலிருந்து வரும் குழாயைக் கழற்றி, உள்ளிருந்த கலப்பு முழுவதையும் ஒரு தகரக் கானில் வடித்தார். "கொஞ்ச நேரம் வச்சா டீசல் அடியில இறங்காதா காக்கா?" என்று தோழர் கேட்டார். நீர் கலந்திருந்தால் அடியில் இறங்கித் தனியே நிற்கும். டீசலும் பெற்றோலும் ஒன்றோடொன்று கரைந்து கலப்பவை, எத்தனை நாள் வைத்தாலும் பிரியமாட்டா என்று முதியவர் விளக்கினார். பின்னர் முச்சக்கர வண்டியில் ஒருவரை அனுப்பிப் பெற்றோல் வருவித்து, அரை லீற்றர் அளவைத் தாங்கியில் ஊற்றி, குலுக்கி, அதையும் வடித்துவிட்டார்.

காபரேட்டரின் அடியில் உள்ள சிறு திருகைத் தளர்த்தி, கிண்ணத்தில் தேங்கியிருந்ததை வெளியேற்றினார். பிளக்கைக் கழற்றினார். அதன் முனை கறுத்து, எண்ணெய் பூசியது போல ஈரமாயிருந்தது. அதைத் துடைத்து, கம்பித் தூரிகையால் தேய்த்து, வெயிலில் உலரவைத்தார். பிளக்கின் மின்கம்பியைத் தீப்பொறி பறக்காத வண்ணம் அப்பால் ஒதுக்கிவிட்டு, பிளக்கு இல்லாமலே ஐந்தாறு முறை உதைக்கச் சொன்னார். உருளையினுள்ளே எரியாமல் தங்கிய எண்ணெய் அத்துவாரத்தின் வழியே வெளிவந்தது.

இறுதியில் எஞ்சின் ஒயிலின் அளவு பார்க்கும் கோலை எடுத்து, விரலில் தொட்டு முகர்ந்தார். எரியாத டீசல் பிஸ்டன் வளையங்களைக் கடந்து கீழே வடிந்து ஒயிலோடு கலந்திருந்தால், ஒயில் நீர்த்துப்போய்த் தேய்மானத்தைத் தடுக்கும் வலுவை இழந்துவிடும். அளவு கூடியிருந்தாலும் எரிபொருளின் வாசம் வீசினாலும் ஒயிலை மாற்றியே தீரவேண்டும். இவர்களுடைய வண்டியில் ஒயில் பழுதுபடவில்லை. எனினும், ஊர் சேர்ந்ததும் மாற்றிவிடும்படி அறிவுறுத்தினார்.

எல்லாவற்றையும் பூட்டி, புதிய பெற்றோல் ஊற்றி உதைத்தபோது, நான்காம் உதையில் வண்டி உயிர் பெற்றது. சில நிமிடம் வெண்புகை தள்ளி, பின்னர் தெளிந்தது. முதியவர் சொன்ன ஒரு மணித்தியாலத்துக்கு மேல் அதிகம் செல்லவில்லை.

ஏன் ஓட மறுக்கிறது?

இரண்டும் ஒரே நிலத்தடி எண்ணெயிலிருந்து வடிக்கப்பட்டவை. அப்படியிருக்க, ஒன்றுக்குப் பதில் மற்றது ஏன் உதவாது என்று கேட்கலாம்.

ஜெர்மனியில் நிக்கோலாஸ் ஓட்டோ என்பவர் 1876ஆம் ஆண்டில் அமைத்த நான்கடி எஞ்சினின் வழிவந்தவையே நம் மோட்டார் சைக்கிள் எஞ்சின்கள். அவற்றில் எரிபொருள் முதலில் ஆவியாகிக் காற்றோடு கலக்கவேண்டும். பிறகு பிளக்கின் சிறு பொறி அதைப் பற்றவைக்கும். பெற்றோல், சுழியத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 பாகை செல்சியஸ் குளிரிலும் தீப்பற்றத்தக்க ஆவியை வெளியிடுகிறது. டீசலோ 50 பாகைக்கு மேற் சூடேறினாலன்றி அவ்வாறு ஆவி தருவதில்லை. ஆகையால் அது துளித்துளியாகவே உருளைக்குள் புகுந்து, பிளக்கை நனைத்துப் பொறியை அணைத்துவிடுகிறது. பாதி எரிந்த துளிகளே வெண்புகையாக வெளிவருகின்றன.

ருடோல்ஃப் டீசல் 1897ஆம் ஆண்டில் ஓட்டிக் காட்டிய எஞ்சினின் வழி வேறு. அதில் பொறியே இல்லை. காற்றை மிக நெருக்கி அழுத்துவதால் உண்டாகும் பெருஞ்சூட்டில் எண்ணெயைத் தெளித்தவுடன் அது தானே பற்றிக்கொள்ளும். இதனால் மாறாட்டத்தின் மறுபக்கம் இன்னும் பொல்லாதது. டீசல் எஞ்சினின் அழுத்தப் பம்பிக்கு மசகாக இருப்பதும் டீசலே. அதில் பெற்றோல் புகுந்தால் மசகு கழன்று, உலோகம் உலோகத்தை அரைக்கத் தொடங்கும். உழவு இயந்திரத்துக்குப் பெற்றோல் ஊற்றப்பட்டுவிட்டது என்று தெரிந்தால், அதனை இயக்காமலே வடித்துவிட வேண்டும்.

மண்ணெண்ணெய் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. பெற்றோலில் அது கலந்தால் வண்டி உடனே நின்றுவிடாது. புகைந்து, சூடேறி, ஏற்றத்தில் தட்டுதட்டென்று ஒலித்து, நாளடைவில் எஞ்சினைக் கெடுக்கும். அதனாலேயே இக்கலப்பைக் கண்டுபிடிப்பது கடினம்.

2022ஆம் ஆண்டின் நினைவு

அந்த வஞ்சகக் கலப்பை இலங்கை மக்கள் நன்கறிந்த காலம் ஒன்று உண்டு. 2022ஆம் ஆண்டில் அந்நியச் செலாவணி வற்றியதால் நாட்டில் எரிபொருள் அருகிப்போயிற்று. பெற்றோலுக்காக இரவு பகலாக வரிசைகள் நின்றன. அவ்வாண்டு ஜூன் 27ஆம் நாள், அத்தியாவசிய சேவைகளுக்கன்றி எவர்க்கும் ஜூலை 10ஆம் நாள் வரை எரிபொருள் இல்லை என்று அரசாங்கம் அறிவித்தது. பின்னர் கியூஆர் அடையாளத்தைக் காட்டிப் பங்கீடு பெறும் முறை வந்தபோது, மோட்டார் சைக்கிளுக்கு ஒரு வாரத்துக்கு 4 லீற்றரே கிடைத்தது. அம்முறை 2023ஆம் ஆண்டு செப்டெம்பரில் நிறுத்தப்பட்டது.

2022 ஜூன் இறுதியில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாய். மண்ணெண்ணெயின் அரச விலையோ 87 ரூபாய். இந்த இடைவெளியே கலப்படத்துக்குத் தூண்டுகோலாயிற்று. தெருவோரத்துப் போத்தலிலே பன்மடங்கு விலை கொடுத்து வாங்கிய பெற்றோலில் எது எவ்வளவு இருக்கிறது என்று வாங்கியவர்க்குத் தெரியாது. அவ்வாண்டு ஆகஸ்டில் மண்ணெண்ணெய் 340 ரூபாயாக உயர்த்தப்பட்டபோது அந்த இடைவெளி ஓரளவு சுருங்கியது. ஆனால் அதன் சுமை கடற்றொழிலாளரின் தோளில் இறங்கியது. வீட்டிலே கானில் எரிபொருள் சேர்த்துவைக்கும் பழக்கமும் அக்காலத்தில் பரவியது. தட்டுப்பாடு நீங்கிய பின்னரும் பல வீடுகளில் கான்கள் மட்டும் நீங்கவில்லை.

ஐயம் எழுந்தால் எளிய சோதனை ஒன்று உண்டு. வெள்ளைத் தாளில் ஒரு துளி விட்டு, தீக்கு எட்டாத இடத்தில் காயவிட வேண்டும். நல்ல பெற்றோல் இரண்டொரு நிமிடத்தில் கறையின்றி மறையும். டீசலோ மண்ணெண்ணெயோ கலந்திருந்தால் எண்ணெய்க் கறை தங்கிவிடும்.

பெயரும் நிறமும் செய்யும் மயக்கம்

ஊரவர்க்குக் கான் மயக்கம் தருகிறதென்றால், அறுகம்பேக்கு வரும் அயல்நாட்டார்க்குப் பெயரே மயக்கம் தருகிறது. நாம் பெற்றோல் என்பதை அமெரிக்கர் 'காசோலின்' என்பர். ஜெர்மானியர் 'பென்சின்' என்பர். பிரான்சு நாட்டார் 'எசான்ஸ்' என்பர். ஸ்பானிய மொழியிலோ 'கசோலினா' என்றால் பெற்றோல், 'கசோலியோ' என்றால் டீசல்! செவிக்கு எவ்வளவு சிறிய வேறுபாடு! இந்தோனேசியாவில் மண்ணெண்ணெய்க்கு 'மின்யாக் தானா' என்று பெயர். அதன் நேர்ப்பொருளும் 'மண் எண்ணெய்' என்பதே. கடலுக்கு இருபுறத்தும் மக்கள் ஒரே மாதிரி எண்ணியிருக்கின்றனர்.

நிறமும் துணை செய்வதில்லை. ஐரோப்பாவிற் பெற்றோல் குழாயின் பிடி பெரும்பாலும் பச்சை நிறம். அமெரிக்காவிலோ பல இடங்களில் பச்சைப் பிடி டீசலைக் குறிக்கும். புதிய மோட்டார் கார்கள் சிலவற்றில் டீசல் குழாயின் பருத்த முனை நுழையாதபடி பெற்றோல் வாயைக் குறுக்கியிருக்கின்றனர். மோட்டார் சைக்கிள் தாங்கியின் வாயோ அகன்றது. அது எதையும் ஏற்றுக்கொள்ளும். ஆதலால் வாடகைக்கு வண்டி கொடுப்போர், எந்த எண்ணெய் என்பதைத் தாங்கி மூடியின் அருகே பெரிய எழுத்தில் ஒட்டிவைப்பது விருந்தினர்க்குச் செய்யும் நல்ல உபசாரமாகும்.

வடித்த எண்ணெய் எங்கே போகிறது?

இனி, நம் நெஞ்சை மிகவும் தொட்ட பகுதிக்கு வருகிறோம். வண்டி ஓடத் தொடங்கியதும் எல்லாரும் மகிழ்ந்தனர். தகரக் கானில் வடித்திருந்த கலப்பை எவரும் நினைக்கவில்லை. வேடிக்கை பார்த்து நின்ற ஒருவர் மட்டும் அதை நினைத்தார். "காக்கா, அத வீசப் போறீங்களா? எங்கட ஊட்ட அடுப்புக்குத் தாங்களன். பத்து நாளைக்கி எரியும்," என்று பணிவோடு கேட்டார். ஏழ்மையின் கணக்கு அது. அதிற் குற்றம் இல்லை.

அதுவரை அமைதியாகப் பேசிய முதியவரின் குரல் அப்பொழுதுதான் கடினமாயிற்று. "இந்த எண்ண ஊட்டுக்குப் போனா, ஊடு மிஞ்சாது மகன்," என்றார். கானின் மூடியை இறுக்கித் தம் கால்களுக்கிடையே வைத்துக்கொண்டார்.

அவர் அஞ்சியதற்குத் தக்க காரணம் உண்டு. மண்ணெண்ணெய் 38 பாகை செல்சியசுக்குக் குறையாத சூட்டிலேதான் பற்றத்தக்க ஆவியைத் தரும். அதனாலேதான் அடுப்பிலும் விளக்கிலும் அது அடங்கி எரிகிறது. அதிலே சிறிதளவு பெற்றோல் கலந்துவிட்டாலும், சாதாரண அறைச் சூட்டிலேயே பாத்திரத்தின் வெற்றிடம் முழுதும் ஆவி நிரம்பிவிடும். திரியின் தீ அந்த ஆவியைத் தொட்ட கணமே விளக்கு வெடித்துச் சிதறும். பார்வைக்கு மண்ணெண்ணெய் போலவே இருக்கும் ஒரு கலவை, அடுப்பங்கரையில் தாயையும் பிள்ளையையும் எரித்துவிடும்.

போத்தல் விளக்கின் கொடுமையை இலங்கை வைத்தியர்கள் நெடுங்காலம் கண்டிருக்கின்றனர். சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, கவிழ்ந்த குப்பி விளக்குகளால் வெந்துபோனவர்களை வைத்தியசாலையிலே கண்டு மனம் வருந்தி, 1992ஆம் ஆண்டில் 'சுதீப' என்ற பாதுகாப்பான விளக்கை அமைத்தார். குள்ளமாய், கனமாய், எளிதில் உருளாதபடி இருபுறமும் தட்டையாய், திருகு மூடியோடு அமைந்த அவ்விளக்குக்காக 1998ஆம் ஆண்டில் அவருக்கு உலகப் புகழ் வாய்ந்த ரோலெக்ஸ் விருது வழங்கப்பட்டது. நல்ல விளக்கும் நல்ல எண்ணெயைத்தானே நம்பியிருக்கிறது? மின்சாரம் வந்த பின்னரும், மின்தடையின்போது மண்ணெண்ணெய் விளக்கை நாடும் வீடுகளும், மண்ணெண்ணெய் அடுப்பில் சமைக்கும் வீடுகளும் இன்றும் உள்ளன.

களப்பிலே கொட்டிவிடலாமா என்று இளைஞர் ஒருவர் கேட்டபோது, அதற்கும் முதியவர் தலையசைத்து மறுத்தார். இறாலும் மீனும் வளர்ந்து, பலருக்குச் சோறு போடும் நீர் அது. கானின் மேல் 'கலப்பு' என்று மையால் எழுதி, பழைய ஒயில் சேகரிப்போரிடம் ஒப்படைப்பதற்காகத் தம்முடனே எடுத்துச் சென்றார். எண்ணெய் கேட்டவரையும் அவர் வெறுங்கையோடு அனுப்பவில்லை. வருவித்த பெற்றோலுக்குப் போக மாணவர்கள் தந்த கூலியில் ஒரு பகுதியை அவர் கையில் வைத்து, கடையில் நல்ல மண்ணெண்ணெய் வாங்கும்படி சொன்னார்.

மாணவர்க்குச் சில வார்த்தை

எண்ணெய் மாறியது வண்டியை இயக்குமுன்பே தெரிந்தால், அது பாதி வெற்றி. தாங்கியை வடித்துக் கழுவினால் போதும். எஞ்சினுக்கு ஒரு தீங்கும் இல்லை. ஓடிப் புகைந்து நின்றுவிட்டால், மீண்டும் மீண்டும் உதைத்தலாகாது. ஒவ்வோர் உதையும் எரியாத எண்ணெயை உள்ளே அனுப்புகிறது. காபரேட்டருக்குப் பதிலாக, மின்னணு முறையில் எரிபொருளைத் தெளிக்கும் இக்காலப் புதிய வண்டிகளில் சாவியைத் திருப்புவதும் கூடாது. திருப்பியவுடன் தாங்கியினுள் உள்ள பம்பி இயங்கிக் கலப்பைக் குழாய்க்குள் தள்ளிவிடும். அவ்வண்டிகளை வழியோரத்திற் பிரிக்க முயலாமல் தள்ளிச் சென்று தொழில் அறிந்தவரிடம் விடுவதே நன்று.

எல்லாவற்றினும் மேலாக, என்ன ஊற்றினோம் என்பதை முதற் கேள்விக்கே சொல்லிவிட வேண்டும். வைத்தியரிடம் நோயை மறைப்பவன் மருந்தை இழப்பது போல, மெக்கானிக்கிடம் எண்ணெயை மறைப்பவன் எஞ்சினை இழப்பான். பிள்ளைகள் உண்மையைச் சொல்லும்படி அவர்களைப் பழக்குவது பெரியோரின் கடன். ஊற்றியதற்காக அடித்தால், அடுத்த முறை மறைக்கவே கற்றுக்கொள்வார்கள்.

ஒரு சிறு வரலாற்றுக் குறிப்பு இங்கே பொருந்தும். 1888ஆம் ஆண்டில், மோட்டார் வண்டியை ஆக்கிய கார்ல் பென்சின் மனைவி பெர்த்தா, தம் புதல்வர் இருவரோடு அவ்வண்டியில் நெடுந்தூரப் பயணம் செய்தார். வழியில் எரிபொருள் தீர்ந்தபோது அதை வாங்கிய இடம் வீஸ்லொக் என்ற ஊரின் மருந்துக் கடை! அக்காலத்தில் அது மருந்துக் கடைச் சரக்கு. மருந்துப் போத்தலில் பெயர் எழுதாமல் எவரும் வீட்டில் வைப்பதில்லை. அதனினும் கொடிய சரக்கை மட்டும் பெயரின்றி விறாந்தையில் வைப்பது எந்த நியாயம்?

ஆகவே, இதைப் படித்து முடித்ததும் வீட்டார் ஒருவர் எழுந்து சென்று கான்களைப் பார்ப்பாராக. இயன்றால் வீட்டிற் பெற்றோல் வைப்பதையே தவிர்க்கலாம். வைத்தே ஆகவேண்டுமானால், பெற்றோலுக்குச் சிவப்பு, டீசலுக்குக் கறுப்பு, மண்ணெண்ணெய்க்கு நீலம் என்று தமக்குப் பிடித்த நிறத்தைப் பூசி, எழுத்தறியாதவர்க்கும் விளங்கும்படி மோட்டார் சைக்கிள், உழவு இயந்திரம், தோணி ஆகியவற்றின் படத்தைத் தீட்டி, சமையலறைக்கும் சிறுவர் கைக்கும் எட்டாத காற்றோட்டமான இடத்தில், ஒன்றுக்கொன்று விலக்கி வைப்பார்களாக. ஒரு தூரிகையும் அரை மணி நேரமும் இருந்தால் முடியக்கூடிய வேலை. படம் தீட்டும் பொறுப்பை வீட்டுப் பிள்ளைகளிடமே விடலாம். தாம் தீட்டியதை அவர்கள் மறக்கமாட்டார்கள்.